அம்மாவின் மஞ்சள் பையில் நாலு சீட்டு

எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் நீங்கள் போட்ட முகாமுக்கு வடசென்னை எர்ணாவூரிலிருந்து ஆஸ்துமா இருக்கிற அம்மாவைக் கூட்டிவந்திருந்தேன். யாருக்கு எப்போது வீசிங் வரும் என்று கம்ப்யூட்டரே முன்கூட்டிச் சொல்லிவிடும், பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அந்த மெஷின் லேர்னிங் இங்கேயும் வரப்போகிறது என்று மைக்கில் சொன்னீர்கள். நானும் கை தட்டினேன். அப்புறம் சீட்டு வாங்கப் போனால் முதல் கேள்வி, "முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

வந்திருக்கிறோம். தீபாவளியிலிருந்து நாலு தடவை நெபுலைசர் வைத்துக்கொண்டு போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு, புது நம்பர், அதில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். ஐந்தாவது இழுப்பு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டில் ஆட்டோ நகரவில்லை, அம்மாவுக்கு என் பேரைக்கூட முழுசாகச் சொல்ல மூச்சு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துவிட்டு டியூட்டி டாக்டர் பழைய சீட்டு கேட்டபோது மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கரண்ட் பில், அதற்கு நடுவே நாலு சீட்டு. "நாலு தடவையா? தினமும் இழுக்கிற தடுப்பு பம்பு ஒருத்தரும் எழுதலையா?" என்றார். என்னத்தைச் சொல்ல.

இதை முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் எங்கள் தெரு மெடிக்கல் கடைத் தம்பி. "அக்கா, மூச்சு முட்டும்போது இழுக்கிற நீல பம்புல 200 தடவை அடிக்கலாம், அம்மா மாசம் ஒண்ணு காலி பண்றாங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க." வருஷத்துக்கு மூன்று பம்பு ஆனாலே ஆபத்து கூடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 195 ஆஸ்துமா சாவுகளை ஆராய்ந்து 2014-ல் பிரிட்டனில் வெளியிட்ட அறிக்கையில், நீல பம்பு எத்தனை என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசி ஒரு வருஷத்தில் 12-க்கு மேல் எழுதிக்கொடுத்திருந்தார்கள். அங்கே அதை எண்ண முடிந்தது, ஏனென்றால் எழுதிவைத்திருந்தார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரும் அதைத்தானே பார்க்கும்? போன வருஷம் இழுப்பு வந்ததா, எத்தனை பம்பு போனது என்று. எழுதாத இழுப்பு அதன் கணக்கில் வராத இழுப்பு. அம்மாவைப் பார்த்து 'ஆபத்து இல்லை' என்று பச்சை விளக்கு போடும், நீங்களும் நம்புவீர்கள். அதனால் முதலில் எழுதுங்கள், அப்புறம் கணியுங்கள்.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 ராத்திரி அமோனியா வாயு கசிந்தபோது எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு சைரன்கூட இல்லை. கொடுங்கையூர் குப்பைமேடு எரிகிற அன்றைக்கு யாருக்கு மூச்சு முட்டும் என்று கணிக்க எந்த மெஷினும் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். சரி, அதெல்லாம் உங்கள் துறை இல்லை என்பீர்கள். எங்கள் நெஞ்சுக்கு அந்தத் துறை பிரிப்பெல்லாம் தெரியாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: ஒரு நோயாளிக்கு ஒரே நம்பர், நெபுலைசர் வைத்த தேதி, கொடுத்த நீல பம்பு எத்தனை. எழுதிவையுங்கள். சாஃப்ட்வேர் வரும்வரை ஒரு நோட்டு போதும், நானே வாங்கித் தருகிறேன்.

வியாழக்கிழமை அம்மாவைத் திரும்பக் கூட்டிவருகிறேன். அன்றைக்காவது "முன்னாடி வந்திருக்கீங்களா" என்று கேட்காமல் இருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.