காலுக்குக் கால் மில்லிமீட்டர்

அன்புள்ள அனைவருக்கும்,

ஏழாவது அறுவை சிகிச்சையில் என் காலில் மாட்டியிருந்த வளையங்களைக் கழற்றி மூன்று வாரமாகிறது. இனிக் கத்தி வைக்க வேண்டியிருக்காது என்கிறார் மருத்துவர். "இப்போதைக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் எப்போதுமே அப்படித்தான். விபத்து நடந்த இரவிலேயே, "காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம், வாக்குக் கொடுக்க முடியாது" என்றவர். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. போகப் போகத்தான் புரிந்தது, பொய்யாகத் தேற்றாத ஒருவர் "நன்றாகக் கூடி வருகிறது" என்று சொன்னால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்று. ஐயா, அந்தத் தூக்கங்களுக்கு நன்றி.

முதல் மூன்று சிகிச்சைகள் புண்ணைக் கழுவிச் செத்த தசையை வெட்டுவதிலேயே போயின. நான்காவதில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அப்போது எனக்கு ஏற்றிய இரத்தப் பைகளில் வகையும் எண்ணும் தேதியும் இருந்தன, பெயர் இல்லை. சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள்தான் வைத்திருக்க முடியுமாம். அப்படியென்றால், இரத்தம் கொடுத்தவர்களே, நான் யாரென்றே தெரியாமல் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நீங்கள் கை நீட்டியிருக்கிறீர்கள். இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை.

ஐந்தாவதில், சீழ் பிடித்த எலும்பை ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டு, காலைச் சுற்றி நின்று கம்பிகளால் எலும்பைப் பிடித்துக்கொள்ளும் இலிசரோவ் வளையங்களை மாட்டினார்கள். ரஷ்யாவின் குர்கன் நகரத்தில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களில் வளர்த்தெடுத்த முறை அது. நல்ல எலும்பை வேறோர் இடத்தில் அறுத்து மெல்ல நகர்த்தினால், பின்னால் விடும் இடைவெளியில் புது எலும்பு வளரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நான்கு தவணையாக. "காலுக்குக் கால் மில்லிமீட்டர்" என்று தம்பி கேலி செய்வான். ஸ்பானர் அவன் கையில்தான் இருந்தது. ஐம்பது நாள், இருநூறு திருகல். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. ஒருநாள் வலி தாங்காமல் அந்த நோட்டை வீசி எறிந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து வந்து, தூசியைத் தட்டி, கோட்டைப் போட்டுவிட்டுப் போனான்.

நகர்ந்து வந்த எலும்பு எதிர்முனையோடு ஒட்டவில்லை, இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்றபோதுதான் உண்மையில் உடைந்தேன். ஆறாவது அது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்த அந்த நாட்களில், இரவுப் பணிச் செவிலியர் அக்கா கம்பி நுழையும் ஒவ்வொரு துளையையும் தனித்தனிப் பஞ்சால் துடைப்பார். "அழு, ஆனால் காலை ஆட்டாதே" என்பார். அதைவிட நல்ல ஆறுதலை நான் கேட்டதில்லை.

என் சாபங்களையெல்லாம் வாங்கிக்கொண்டே முழங்காலை மடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட் அவர்களே, 90 பாகையைத் தாண்டிவிட்டேன். சாபங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தம்பி, நேற்று உன் நோட்டை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். 199 கோடுதான் இருக்கிறது. ஒன்றை எங்கேயடா விட்டாய்?