சேலை கட்டிய பையன்களுக்குக் கைதட்டும் முதல்வர்களுக்கு

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கல்லூரியில் இலக்கியத்தோடு நாடகமும் சொல்லித்தருகிறேன். பெண்ணிய நாடகங்களையும் பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றோர்) வாழ்வைப் பேசும் நாடகங்களையும் மாணவர்களை வைத்து இயக்குகிறேன். மேடையேறும் முன் கல்லூரியில் நாடகப் பிரதி கேட்பார்கள், கொடுப்பேன், சிவப்பு மைக் கோடுகளோடு திரும்பி வரும். போன முறை ஒருத்தி இன்னொருத்தியைக் காதலிப்பதாக இருந்த வசனம் அடிபட்டு, இருவரும் ‘நெருங்கிய தோழிகள்’ ஆகிப்போனார்கள். அதே வாரம் ஆண்டு விழாவில் மூன்று பையன்கள் சேலை கட்டி, நெஞ்சில் பலூன் வைத்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பலூன் நழுவி விழுந்தது. முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் காமெடிக்கு யாரும் பிரதி கேட்கவில்லை.

வேடம் மாற்றிக் கட்டுவது நமக்கென்ன புதுசா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் குழுவில் பெண் வேடமும் சிறுவர்களுக்குத்தான். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் குழுவில் ஆண் வேடமும் பெண்களுக்கே. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். கூத்தில் இன்றைக்கும் பாஞ்சாலியாக ஆண் வந்து நிற்கிறார், துகிலுரியும் கட்டத்தில் கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கிறது. அந்தப் பாஞ்சாலிக்குப் பலூன் தேவைப்பட்டதில்லை.

கல்லூரிக்குள்ளும் இதற்கு முன்மாதிரி உண்டு. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த அ. மங்கைதான் கவிஞர் இன்குலாபின் ‘அவ்வை’ நாடகத்தை இயக்கினார். கூன் விழுந்த கிழவியாகவே பார்த்துப் பழகிய அவ்வை அதில் இளம் பாணர்குலப் பெண்ணாக வந்தாள். திருநங்கையரின் கண்ணாடிக் கலைக்குழுவோடும் மங்கை வேலை செய்தார். இன்குலாபும் கல்லூரி ஆசிரியர்தான். இன்னொன்று: நாடகங்களுக்குத் தடைபோட அரசுக்கு அதிகாரம் தந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. அரசின் கையிலிருந்து போன வேலையை நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்பீர்கள். வரலாம். ஆனால் அவர்கள் காதுக்குச் செய்தி போவது பிரதி வழியாக இல்லை, கைபேசி வழியாக. பெண்ணைக் காதலிக்கும் பெண்ணாக ஒரு மாணவி நடிக்கிறாள் என்று வையுங்கள். யாரோ எடுத்த படம் ஸ்டேட்டஸில் ஏறி, ராத்திரிக்குள் ஊரிலிருக்கும் மாமா கைக்குப் போய்விடும். மறுநாள் காலை அப்பா டிசி கேட்டு வந்து நிற்பார். அவள் வெறுமனே நடித்தாளா, அது அவள் வாழ்க்கையா என்று அங்கே யாரும் விசாரிக்கப் போவதில்லை. வாழ்க்கையாகவே இருந்துவிட்டால் அவள் கதி என்ன?

அதனால் வகுப்பில் யார் எப்படிப்பட்டவர் என்று நான் கேட்பதே இல்லை. ஒத்திகையில் வேடம் சுற்றி வரும், எல்லோரும் எல்லாக் காதலையும் நடித்துப் பார்த்தாக வேண்டும். மேடையிலும் காட்சிக்குக் காட்சி ஆள் மாறும். அழைப்பிதழில் குழுவின் பெயர் மட்டும்தான், யாருக்கு எந்த வேடம் என்று போடுவதில்லை. இது நடிப்புக்கும் நல்ல பயிற்சி என்பது உபரி லாபம்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாடகத்தைக் கலைவிழாவின் பதினைந்து நிமிடத்திலிருந்து மீட்டு, கிரெடிட் உள்ள பாடமாக்குங்கள். அரங்கத்துக்குள் கைபேசி கூடாது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை விடுங்கள், நான் சொன்னால் எவரும் கேட்பதில்லை. அப்புறம் விடுதி நேரம். அரங்கம் எங்களுக்குக் கிடைப்பதே ஐந்து மணிக்கு மேல்தான், பெண்கள் விடுதிக் கதவோ ஆறு மணிக்குச் சாத்தப்படும். மாணவிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பெண்ணிய நாடகத்தில் பெண் வேடத்துக்குப் பையனைத் தேட வேண்டியிருக்கிறது. ஆண்கள் விடுதியில் அந்தக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் ஒரு ஒத்திகைக்கு வாருங்கள். செவ்வாயும் வியாழனும் நடக்கிறது. உங்கள் கைபேசியையும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வோம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு நாடக ஆசிரியை