அப்பாவுக்கு, கன்றுக் கொட்டகையிலிருந்து

இன்வர்கார்கில் அருகே, நியூசிலாந்து
ஆகஸ்ட் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வாரமாக எழுத முடியவில்லை. இங்கே இது கன்று ஈனும் பருவம். நம் வீட்டில் ஒரு மாடு ஈன்றால் எல்லோரும் விழித்திருப்போம். இங்கே ஒரே இரவில் 15 ஈனுகின்றன. மறுநாளே கன்றைப் பிரித்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். தாய்கள் வேலியோரம் நின்று கத்துவது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு வார வயதுக் கன்றுகள் திடீரென்று வரிசையாகக் கழிய ஆரம்பித்தன. மஞ்சளாக, வெறும் தண்ணீராக. பால் செரிக்கவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். மருத்துவர் சாணத்தைச் சோதித்துவிட்டு ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்றார். குடலில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. நான் குளோரின் கலந்து தரையைத் தேய்த்ததெல்லாம் வீண்; கொதிக்கும் நீருக்கும் நன்றாகக் காய்ந்த தரைக்கும்தான் அது அடங்குமாம். மூன்று வாரம் தாண்டிய கன்று ரத்தமும் சளியுமாக முக்கி முக்கிக் கழிந்தால் அது வேறு, காக்சிடியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து இருக்கிறது.

41-ஆம் எண் கன்றுக்குக் கண் குழிக்குள் போய்விட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. வேளைக்கு 2 லிட்டர் உப்புக்கரைசல் புகட்டினேன், இடையிடையே பாலும். மூன்றாம் நாள் வாளியை முட்டித் தள்ளியது பாருங்கள், சிரித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லவேண்டாம், எனக்கும் அதேதான் தொற்றியது. சோப்புப் போட்டுக் கழுவாமல் சானிடைசரை மட்டும் தடவிக்கொண்டு ரொட்டி தின்றேன். சானிடைசருக்கு அது சாவதில்லை. ஐந்து நாள் படுக்கை, எனக்கும் உப்புக்கரைசல்தான்.

செவலையின் கன்று கழிந்தபோது நாம் இரண்டு நாள் பாலை நிறுத்திவிட்டோம் இல்லையா? இங்கே நிறுத்தவே விடுவதில்லை. கழிவது நீர், பாலும் போனால் தெம்பு எங்கிருந்து வரும் என்கிறார் மருத்துவர். வருத்தப்படாதீர்கள், அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை.

எருமை இந்த மாதம் ஈனும் என்றீர்களே. கன்றுக்குப் பத்தாம் நாள் பூச்சிமருந்து கொடுக்க மறக்கவேண்டாம். தாய்ப்பாலோடே உருளைப்புழு உள்ளே போய்விடும். அளவை நம் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்தது கிடாரியா என்று உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்