பாப்பாவுக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. கொல்லையில் நிற்கும் நொச்சியைப் பறித்து இரண்டு நாள் ஆவி பிடிக்க வைத்தேன். நொச்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வார்டுக்கு வரும் கிழவிகளுக்கு ஆங்கிலம் புரிவதில்லை, நர்ஸ் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறார், தேர்வும் ஆங்கிலத்தில்தான், பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக் மொழியைக் கற்று எனக்கு என்ன ஆகப்போகிறது என்றாய். போனில் பதில் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ லாஸ் பின்யாஸில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாட்டைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். அதில் என் மனத்தில் இடம்பிடித்துவிட்டவர் ஹுவான் ஃபிளாவியர் என்ற மருத்துவர். உன் ஆசிரியர்களைக் கேட்டுப் பார், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஐந்தடிக்கும் குறைவான உயரம். 1935இல் மணிலாவின் தொண்டோவில் பிறந்து, பாகியோ பக்கத்துச் சுரங்கப் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். 1960இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். மணிலாவிலேயே கிளினிக் வைத்துச் சம்பாதித்திருக்கலாம். கிராமச் சீரமைப்பு இயக்கத்தில் சேர்ந்து, வயல்காட்டு ஊர்களுக்குப் போய்விட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வேலைதான். பிற்பாடு அவர் தலைமை வகித்த நிறுவனம் கவிட்டே மாகாணத்தில், சிலாங்கில் இருக்கிறது. உனக்கு அது தூரமில்லை. ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வா.

அந்த ஊர்களில் அவர் முதலில் கற்றுக்கொண்டது, விவசாயியின் பேச்சில் பேசுவதை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பாடப்புத்தகச் சொற்களில் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்று கண்டார். விதை, நிலம், பயிருக்குப் பயிர் விடவேண்டிய இடைவெளி என்று உழவர்களின் கணக்கிலேயே பேசினார். நாற்றை நெருக்கி நட்டால் என்ன ஆகும் என்று உழுகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

இதைப் படித்தபோது நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த புதிதில், ஒரு கர்ப்பிணிக்கு மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். "ஹீமோகுளோபின் கூடும்" என்று சொன்னேன். அந்தப் பெண்ணும் தலையாட்டினாள். ஏழாம் மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது கூரை ஓலைக்குள் ஒரு பொட்டலம் செருகியிருந்தது. பிரித்தால், அத்தனையும் என் மாத்திரைகள். மலம் கறுப்பாகப் போனதாம். பிள்ளையும் கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் சொன்னாராம். கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று ஒரே ஒரு வாக்கியம் நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் தாய்மொழி ஒன்றுதான். அப்படியும் அவளுடைய பேச்சில் நான் பேசவில்லை. உனக்கும் உன் கிழவிகளுக்கும் நடுவே ஒரு மொழியே நிற்கிறது என்பதை எண்ணிப் பார்.

1992இல் அதிபர் ஃபிடெல் ராமோஸ் ஃபிளாவியரைச் சுகாதாரச் செயலாளராக்கினார். நம் ஊர்க் கணக்கில் அமைச்சர். மூன்று ஆண்டுகூட முழுதாக இருக்கவில்லை. அதற்குள் என்னென்ன செய்திருக்கிறார்! 1993இல் நாடு முழுவதும் தேசியத் தடுப்பூசி நாட்கள் நடத்தினார். அந்த நாட்டின் கடைசிக் காட்டு வகை (இயற்கையாகப் பரவும்) போலியோ நோயாளி பதிவானதும் அதே ஆண்டில்தான். நம் நாட்டில் பல்ஸ் போலியோ தொடங்கியது 1995இல். நான் ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்பிய நாட்களில், அங்கே ஒரு மருத்துவர் இதை நமக்கு முன்பே நடத்திக் காட்டியிருந்தார் என்பது தெரியாது. 2019இல் அங்கே போலியோ திரும்ப வந்தது என்று படித்தபோது, பார்த்தே இராத ஊர்களுக்காக வயிறு எரிந்தது.

மருத்துவரே இல்லாத ஊர்களுக்கு இளம் மருத்துவர்களை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இன்றும் அது நடக்கிறது. உன்னோடு படிக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அதில் போகக்கூடும்.

சிகரெட்டுக்கு எதிரான அவரது முழக்கம் "யோசி காதிரி". முதலில் படித்தபோது, நம் மொழியில் "யோசி" என்றே சொல்கிறார் என்று நினைத்தேன்! அங்கே யோசி என்றால் தெருப் பேச்சில் சிகரெட்டாம். காதிரி என்றால் அருவருப்பு. புள்ளிவிவரத்தை நீட்டி முழக்காமல், தெருவில் புழங்கும் சொல்லை எடுத்தே அடித்திருக்கிறார் பார்.

இப்போது நொச்சி. நீங்கள் அங்கே லகுண்டி என்று சொல்வது இதைத்தான். அவர் காலத்தில் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. பாகற்காயும் கொய்யா இலையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. உன் மருந்துக்கடையில் இருமலுக்கு லகுண்டி சிரப் விற்கும், கேட்டுப் பார். பாட்டி வைத்தியம் என்று நீ சிரிப்பாய். சிரிக்காதே. பின்னாளில் 1997இல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே ஒரு சட்டம் வந்து, அதை ஆராய ஒரு நிறுவனமும் அமைந்தது. அப்போது அவர் செனட்டர்.

அரசியலுக்குப் போன மருத்துவர் கெட்டுப்போவார் என்பது அப்பாவின் வாதம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எய்ட்ஸைத் தடுக்க ஆணுறை பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகப் பேசியதற்காகக் கத்தோலிக்கத் திருச்சபை அவரைக் கடுமையாக எதிர்த்தது. அந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய பகை என்பது உனக்கே தெரியும். அவர் பின்வாங்கவில்லை. 1995இல் செனட் தேர்தலில் நின்று வென்றார். 2001இல் மறுபடியும் வென்றார். பழங்குடி மக்கள் உரிமைச் சட்டத்தைச் செனட்டில் முன்நின்று கொண்டுவந்தவர் அவர். 2007 வரை இருந்தார். 2014 அக்டோபரில், 79 வயதில் காலமானார்.

பாப்பா, நீ அமைச்சராக வேண்டும் என்று இதை எழுதவில்லை. நாளைக் காலை வார்டுக்குப் போகும்போது நர்ஸுக்காகக் காத்திருக்காமல் நீயே கேள்: "சாஆன் போ மசகித்?" எங்கே வலிக்கிறதுங்க என்று பொருளாம். அந்தப் "போ" நாம் விரட்டுகிற போ இல்லை. பெரியவர்களிடம் நாம் சேர்த்துக்கொள்ளும் "ங்க" மாதிரி. நான் இங்கே அப்பாவிடம் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நான் உச்சரிப்பது சரியா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா