ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் இருப்பதைப் பார்த்ததும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால், அதை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஆதாரம் இல்லாமல்தான் நல்ல வழக்கும் தோற்கிறது. பளபளப்பான தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் பழுதைச் சொன்னால் போதாது, அவர்கள் பழுதைக் குறித்துத் தரும் ஜாப் ஷீட் என்ற சீட்டில் எழுத வையுங்கள். ‘ஃபிரிட்ஜ் கூலிங் இல்லை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜெனரல் செக்கப்’ என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இழுத்தடிப்பார்கள். வழக்குப் போட இருப்பதோ 2 ஆண்டுதான்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கடைக்காரரோடு தயாரிப்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

ஒரு வாசகர், திருச்சி