கல்வெட்டு இருக்கிறது, கன்று எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் எங்கள் தெருவுக்கு மரம் வெட்டும் லாரி வந்துவிடும். மின்கம்பிப் பக்கம் உள்ள கிளைகளை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். முனை வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் மொத்தப் பாரமும் இப்போது வீடுகள் பக்கமே சாய்ந்து நிற்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சிறு புடைப்பு இருக்கும். அதை ஒட்டி அறுத்தால் பட்டை வளர்ந்து காயத்தை மூடிவிடும். இவர்களோ ஒரு முழம் விட்டு வெட்டுகிறார்கள். அந்த முண்டு மழையில் ஊறி உளுத்து, அழுகல் அடிமரத்துக்குள் இறங்குகிறது. போதாக்குறைக்கு மரத்தைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் சிமென்ட் பூச்சு. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களைப் பார்த்தும் புத்தி வரவில்லை.

நினைவு மரங்களின் கதை வேறு. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் மறைந்தபோது பல ஊர்களில் அவர் நினைவாகக் கன்று நட்டார்கள். நல்ல வழக்கம்தான். எங்கள் பூங்காவில் போன வாரம் எண்ணிப் பார்த்தேன்: கிரானைட் பெயர்ப்பலகைகள் 11, உயிரோடு இருக்கும் மரங்கள் 4. அதில் ஒன்று என் அப்பா பெயரில் வைத்த வேம்பு. வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்ததால் பிழைத்தது. இரும்புக் கூண்டைக் கழற்ற ஆளில்லாமல் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது.

கன்று நட அனுமதி கொடுக்கும்போதே இரண்டு கோடைக்கான தண்ணீர்ச் செலவையும் வாங்கிக்கொள்ளட்டும். நாங்கள் தரத் தயார்.

– ஒரு வாசகர்