பார்சல் திரும்பி வந்தது

மன்னார்குடி,
ஆனி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "நல்லா இருக்கேன்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படி. காலையில் வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகாதே.

முதலில் ஒரு சின்ன விஷயம். வைகாசியில் உனக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. மாவடு, வெங்காய வடகம், மோர்மிளகாய் எல்லாம் அப்படியே இருக்கிறது. பெட்டியின் மேல் 'காலி செய்துவிட்டார்கள்' என்று பேனாவால் எழுதியிருந்தது. கூரியர்காரர் கதவெண்ணை மாற்றிப் படித்திருப்பார். சரவணம்பட்டியில் எல்லா அடுக்குமாடியும் ஒரே மாதிரிதானே இருக்கிறது. அப்படித்தான் இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. பெட்டியைப் பரணில், உன் பழைய ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சர்க்கரைக்காக டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, இப்போது காலையும் மாலையும் நடக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் எட்டு மணி பஸ்ஸில் திருவாரூர் போய், இருட்டிய பிறகு வந்து இறங்கினவன் நான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு, அதுவும் ஸ்கூட்டரில். பிறந்து வளர்ந்த ஊரில் நான் பார்த்தது அந்த ஒரு வழியைத்தான் என்று இப்போது தெரிகிறது.

'மன்னார்குடி மதிலழகு' என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று நீ கைதட்டிக்கொண்டே சொல்லுவாய். அந்த மதிலை ஒட்டி முழுசாக ஒரு சுற்று நான் நடந்தது போன மாசம்தான், அறுபத்து நான்கு வயதில். மேற்குப் பக்கம் காலையில் நல்ல நிழல். அந்த நிழலை நம்பி ஒரு அம்மாள் இட்லிக்கடை போட்டிருக்கிறார். நிழல் சுருங்கச் சுருங்க அவர் அடுப்பும் பெஞ்சும் மதில் பக்கமாக நகர்ந்துகொண்டே போகின்றன. முதுகு மதிலில் இடித்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. கடிகாரமே வேண்டாம் அவருக்கு.

பந்தலடி தாண்டி ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை இன்னும் இருக்கிறது. சும்மா எட்டிப் பார்த்தேன். மேல்தட்டில் தாத்தாவின் மர்பி ரேடியோ! திரைச்சீலையில் அந்தச் சிகரெட் சுட்ட ஓட்டை அப்படியே இருக்கிறது. தாத்தா எப்போது அங்கே கொடுத்தார் என்று யாருக்குத் தெரியும். அதற்காக உன் சித்தப்பாவை எவ்வளவு பேசினோம், விற்றுவிட்டான் என்று. கடைக்காரர் "யாராவது வந்து கேப்பீங்கன்னு வச்சிருந்தேன் சார்" என்றார். சித்தப்பாவுக்கு அன்றைக்கே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "சரிண்ணே, ரேடியோ பாடுதா?" என்று கேட்டான். பாடுகிறது.

மல்லிநாதர் கோயிலுக்குள்ளும் போனேன். பத்தொன்பதாவது தீர்த்தங்கரர் அவர். இத்தனை வருஷம் சமணர் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. உள்ளே அவ்வளவு அமைதி. அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் நினைவுதான். நீ இருந்தால் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்திருப்பாய். இப்போதும் வரைகிறாயா? வரைவதை விட்டுவிடாதே. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் டீமில் பதினாறு பேருக்கு நீ தலைமை என்று போன தீபாவளிக்கு மாப்பிள்ளை சொன்னார். அதை நான் இந்த ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

சாயங்காலம் நடப்பது ஹரித்ராநதியைச் சுற்றி. 23 ஏக்கர் குளம். நான்கு கரையும் ஒரு சுற்று வந்தால் எனக்கு இரண்டாயிரம் காலடிக்கு மேல் வருகிறது. பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குளத்திலும் நல்ல தண்ணீர். ஆனித் தெப்பமும் முடிந்தது. நீ வருவாய் என்று அம்மா மாடி அறையைக் கழுவிவிட்டு வைத்திருந்தாள். சரி, லீவு கிடைத்திருக்காது.

ஒரு பழைய கடன் பாக்கி. ராஜகோபாலன் ஏன் ஒரு காதில் குண்டலமும் இன்னொரு காதில் தோடும் போட்டிருக்கிறார் என்று ஆறு வயதில் கேட்டாய். "பேசாம கும்பிடு" என்றேன். எனக்குத் தெரியாது, அதைச் சொல்லக் கூச்சம். போன வாரம் கோயிலில் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். கோபியரோடு தண்ணீரில் விளையாடிவிட்டுக் கரையேறி அவசரமாக நகை போட்டுக்கொண்டபோது, ஒரு கோபியின் தோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாராம். அவர்கள் பூசிக் குளித்த மஞ்சளால்தான் இந்தக் குளத்துக்கே ஹரித்ரா என்று பெயர். இதைச் சொல்ல எனக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது பார். வெண்ணெய்த்தாழியில் நீ எறிந்த வெண்ணெய் சாமி மேல் விழாமல் என் சட்டையில் விழுந்ததே, அதற்கும் திட்டினேன். பங்குனியில் பதினாறாம் நாள் ஊரே வெண்ணெயில் வழுக்கும், என் ஒரு சட்டைக்கு என்ன வந்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், வடகரையில் வேர்க்கடலை வறுக்கிறவரை உனக்கு நினைவிருக்கும். எனக்கு அவரைத் தெரியாது. பத்து நாள் முன்னால் அவராகவே கூப்பிட்டு, "பாப்பா எப்படி இருக்கு சார்?" என்றார். எந்தப் பாப்பா என்றேன். "உங்க பொண்ணுதான். பன்னண்டாவது படிக்கறப்ப மார்க்கு அட்டையை வச்சுக்கிட்டு அந்தப் படித்துறையில இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கும். குளத்தைச் சுத்திக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுக்காரம்மாதான் உங்க தெரு முனை வரைக்கும் கொண்டாந்து விடும்" என்றார். ஒரு நாள் இல்லையாம், பல நாள்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று நீ சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்தில், என்னைச் சந்திக்கப் பயந்து நீ தண்ணீர்ப் படியில் உட்கார்ந்திருக்கிறாய். முன்பின் தெரியாத ஒரு அம்மா உன் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்.

கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய அன்று நான் உன் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி வாசலில் எறிந்தேன். மறுநாள் விடிகாலையில் நீ சாக்கடையோரம் குனிந்து காம்பஸைத் தேடினாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறங்கி வந்து கூடச் சேர்ந்து தேடியிருக்கலாம். செய்யவில்லை.

அப்புறம் கல்யாண நேரம். மாடிப்படியில் நின்று "ஒரு வருஷம் போகட்டும்பா" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். "பேச்சுக் கொடுத்தாச்சு, என் தலையைக் குனிய வைக்காதே" என்றேன். அன்றைக்கும் நீ ரொம்ப நேரம் வெளியே போய்விட்டு வந்தாய். கோயிலுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். எங்கே போயிருப்பாய் என்று இப்போது தெரிகிறது. உனக்கு அந்த ஒரு வருஷத்தை நான் கொடுத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை, எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உன்னைக் கேட்காமல் முடிவு செய்தது என் தவறு. இதை அம்மாவிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை.

கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது, தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்டும் இல்லாமல் டவரும் இல்லாமல் நான்கு நாள் கிடந்தோம். ஐந்தாம் நாள் லைன் கிடைத்ததும் நீ என்னைத் திட்டினாய். "உயிரோட இருக்கோம்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லி அனுப்ப முடியாதா" என்று அழுதாய். நான் வாங்கிக்கொண்டேன். நீ கேட்டது நியாயம். அதே கேள்வியை நானும் அம்மாவும் உன்னிடம் கேட்கலாம் இல்லையா? நீ பேசுகிறாய்தான். வாரம் ஒரு முறை, இரண்டு நிமிஷம். மாசி மாசத்திலிருந்து மாப்பிள்ளை பேரே உன் பேச்சில் வரவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. நீயாகச் சொல்லும்போது சொல். சொல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

காலை நடையை இப்போது ஸ்டேஷன் பக்கம் மாற்றிக்கொண்டேன். பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்து 2011இல் மறுபடி ரயில் வந்த ஊர் இது. அதனாலோ என்னவோ வண்டி வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை. கோயம்புத்தூரிலிருந்து செம்மொழி காலையில் வந்து சேர்கிறது. பெட்டியோடு நிறையப் பெண்கள் இறங்குகிறார்கள். எல்லோரும் இறங்கி முடிந்ததும் நான் வீட்டுக்கு நடக்கிறேன். ராத்திரி அதே வண்டி கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறது. இரண்டு தடவை டிக்கெட் எடுத்தேன், ஏறவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை.

புது விலாசம் இருந்தால் ஒரு வரி அனுப்பு, பார்சலைத் திரும்ப அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நீயே வந்து எடுத்துக்கொள். தனியாக வந்தாலும் வா. எந்த நேரத்தில் வந்தாலும் வா. வந்தால் குளத்தைச் சுற்றிக்கொண்டு நிற்காமல் நேரே வீட்டுக்கு வா. நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். ரேடியோவை உன் அறையில்தான் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் நிறையக் குடி. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இதை எழுதி மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் மோர்மிளகாய் இருந்தது. இந்த வருஷம் போட்டது மொத்தமும் உன் பார்சலில்தான் போனது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மோரை ஊற்றிவிட்டு, "நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு நானும் நடக்க வரேன்" என்றாள்.